அந்தப் பிளக்கை உடைத்தது நான்தான்

ரேவதி, கடிதம் வந்திருக்கிறதே, ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிடாதே. அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம். நீ கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்த பிறகு நாலு தடவை போனில் பேசிவிட்டோம். என்ன சமைத்தாய், குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, மாப்பிள்ளைக்கு எந்த ஷிப்ட் என்று எல்லாம் கேட்டேன். நாலு தடவையும் இன்னொன்றைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "சரி கண்ணு, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டேன். எழுதினால்தான் முழுசாகச் சொல்லி முடிப்பேன் என்று தோன்றியது. அதனால் இன்று ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீ புறப்பட்ட அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். வாசலில் வேன் நிற்கிறது. பீரோ ஏறிவிட்டது, பாத்திர மூட்டை ஏறிவிட்டது. மாப்பிள்ளையோட அக்கா "பொண்ணு எங்கே, பொண்ணு எங்கே" என்று தேடுகிறார். நீ பட்டுப் புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, என் மொபெட்டுக்குப் பக்கத்தில் குந்தி, ஸ்பார்க் பிளக் மாற்றிக்கொண்டிருந்தாய். "நாளைக்கு நீ வேலைக்குப் போவணும்மா. வழியில நின்னுச்சின்னா தள்ளறதுக்கு நான் இருக்க மாட்டேன்" என்றாய். துணியில் கையைத் துடைத்தபடி எழுந்தாய். ஸ்பேனரை என் கையில் கொடுத்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாய். "அடுத்த தடவ நீயே மாத்துனா பைப்பு மாட்டி மிதிக்காதம்மா. கையாலயே திருகு மரையில ஏத்து. கடைசியில ஸ்பேனர்ல அரை சுத்து போதும்."

எந்தப் பைப்பு என்று நான் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே உனக்குத் தெரிந்திருக்கும். "அன்னிக்கு ட்யூஷன் இல்லன்னு சீக்கிரமா வந்துட்டேம்மா. வாசல் கேட்டுப் பக்கத்துலதான் நின்னு பாத்தேன்" என்று சொன்னாய், சிரித்தாய், வேனில் ஏறிவிட்டாய். நான் ஸ்பேனரைப் பிடித்தபடி நின்றேன். பெண்ணை அனுப்புகிற துக்கத்தில் நிற்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா வந்து தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்த வருஷம், மார்கழி முடிந்த சமயம். வண்டி இழுக்கவில்லை என்று முந்தின நாள் நானே பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டியிருந்தேன். சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறேன். காலையில் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் டப்பென்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. பார்த்தால் பிளக் கழன்று ஒயரில் தொங்குகிறது. எதிரே டீக்கடையில் இரண்டு பேர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். "பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்தா இப்டித்தான், அதுவே எகிறிக் குதிச்சிடும்" என்று ஒருவன் சொன்னான். எங்கள் கம்பெனி இருக்கிற செராமிக் எஸ்டேட் வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன். நேரமாகிவிட்டது என்று கேட்டுக்கு வெளியே அரைமணி நேரம் நிறுத்திவைத்தார்கள். மண் லாரி ஒன்று உள்ளே போனது. அது கிளப்பிய வெள்ளைத் தூசி முழுக்க என் மேல்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். பீங்கான் ஃபியூஸ் கட்டையில் பித்தளைத் தகட்டை வைத்துத் திருகு முடுக்குவது. அன்றோடு எனக்கு அந்த வேலையில் பதினோரு வருஷம். லூசாக இருந்தால் மின்சாரம் பாயும்போது தகடு தீய்ந்துபோகும். அதிகமாக முடுக்கினால் பீங்கான் விரிசல் விட்டுவிடும். திருகு போய் உட்கார்ந்ததும் விரலுக்கே தெரியும். அதற்குமேல் ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான். புதிதாக வருகிற பெண்களுக்கு அதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன். அப்படிப்பட்டவள், அன்று சாயந்திரம் என்ன செய்தேன் பார்.

கம்பெனியில் ஸ்பேனர் கேட்டு வாங்கி, கழன்ற பிளக்கையே தற்காலிகமாக மாட்டிக்கொண்டு புறப்பட்டு, வரும் வழியில் புது பிளக் வாங்கினேன். வண்டியை நிறுத்திய கையோடு, எஞ்சின் கொதிக்கக் கொதிக்க, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தேன். இரண்டு சுற்றிலேயே இறுகிவிட்டது. கோணலாக ஏறுகிறது என்று விரல் சொன்னது. கழற்றித் திரும்ப வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை. அந்த டீக்கடைச் சிரிப்புதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. இனிமேல் நீ எப்படிக் கழலுகிறாய் என்று பார்க்கிறேன் என்று அந்தப் பிளக்கின் மேல் ஒரு வெறி. தண்ணீர்க் குழாய் போட்டபோது மிச்சமான இரும்புப் பைப்புத் துண்டு சுவரோரம் கிடந்தது. அதை ஸ்பேனர் பிடியில் சொருகி, காலை வைத்து மிதித்தேன். ஏதோ நெரிகிற சத்தம் கேட்டது. கேட்டும் இன்னொரு மிதி மிதித்தேன். பிறகு பைப்பை எடுத்துப் பழைய சாமான் மூட்டைக்குப் பின்னால் போட்டுவிட்டு முகம் கழுவப் போனேன். யாரும் பார்க்கவில்லை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி ஓடியது. கழலவில்லை. நான் மறந்தும் போனேன். நீ பரீட்சை எழுதினாய், ரிசல்ட் வந்தது, நல்ல மார்க். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ சேரணும் என்று நீ சொன்னபோது அப்பா உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் பாதி சம்மதம். விண்ணப்பத்தை வாங்கி டி.வி. மேலே வைத்தார். நீ அந்தத் தாளைத் தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைப்பாய். ஆறாவது படிக்கும்போதே மிக்ஸியைப் பிரித்து மாட்டியவள் நீ. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். அதே சமயம் பெண்பிள்ளை எண்ணெய்க் கையோடு நிற்பதா என்று ஒரு தயக்கமும் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், இரண்டும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை. வண்டி இரண்டு நாளாகத் திக்கித் திக்கி ஓடியது. "பிளக் மாத்திடட்டுமாம்மா?" என்று கேட்டாய். நான்தான் சரி என்றேன். காலையில் மார்க்கெட் போய்வந்த சூடு ஆறட்டும் என்று நீ ஒரு மணி நேரம் காத்திருந்தாய். சைக்கிள் பம்பால் பிளக்கைச் சுற்றியிருந்த மண்ணை ஊதித் தள்ளினாய், உள்ளே விழக்கூடாது என்று. ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளக் மேலிருந்த தொப்பியைப் பிடித்து எடுத்தாய். ஸ்பேனரைச் சாய்க்காமல் நேராக உட்கார வைத்தாய். உன்னிடம் ஒரு பிழையும் இல்லை ரேவதி. எல்லாவற்றையும் நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிளக் அசையவில்லை. நீ இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தினாய். என்னைத் திரும்பிப் பார்த்தாய். "ரொம்ப டைட்டா இருக்குதும்மா. இதுக்கு மேல இழுத்தா ஒடஞ்சாலும் ஒடஞ்சிடும். ஆரோக்கியம் அண்ணன் கடைக்குத் தள்ளிட்டுப் போயிடலாமா?" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இத்தனூண்டு பிளக்குக்கு ஒரு மெக்கானிக்கா? கையில தெம்பு இல்லாம தடவிக்கிட்டிருக்க. பலமாப் புடிச்சி இழு" என்றேன். அப்போது எனக்குப் பைப்பு ஞாபகம் வந்துவிட்டது. வந்தபிறகும்தான் சொன்னேன். மெக்கானிக்கிடம் போனால் யார் இப்படி முறுக்கியது என்று கேட்பார் என்று பயம்.

நீ இழுத்தாய். டக்கென்றது. ஆறு பட்டைத் தலையும் வெள்ளைப் பீங்கானும் ஸ்பேனரோடு உன் கையில் வந்துவிட்டன. மரை உள்ள பாதி எஞ்சின் தலைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார். ராத்திரி ஷிப்ட் முடித்துப் பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, அப்போதுதான் கண்ணசந்தவர். "யாரு ஒடச்சா?" என்று கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன். "ஒங்க பொண்ணுதான். கை வெக்காத, கை வெக்காதன்னு சொன்னா கேட்டாத்தானே."

அந்த வாக்கியத்தை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. நான் கை வைக்காதே என்று சொல்லவே இல்லை. அப்பா பிளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். "மெக்கானிக்கல் படிக்கப் போறவங்க லட்சணத்தப் பாரு. ஒரு பிளக்கு கழட்டத் தெரியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். விண்ணப்பத்தை டி.வி. மேலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். "பேசாம ப்ளஸ் ஒன் காமர்ஸ்ல சேந்துடு. நிழல்ல ஒக்காந்து செய்யிற வேலையாப் பாத்துக்கலாம்" என்றார். நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ அழவில்லை. ஓட்டைக்குள் தூசி விழக்கூடாது என்று ஒரு துணியைச் சுருட்டி அடைத்தாய். உடைந்த துண்டையும் தரையில் கிடந்த பீங்கான் சில்லுகளையும் ஒன்று விடாமல் பொறுக்கி ஒரு தாளில் மடித்து வைத்தாய்.

மறுநாள் சாயந்திரம் நாமிருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆரோக்கியம் கடைக்குப் போனோம். ஆரோக்கியம் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "கிக்கரக் கால்ல மெறிச்சீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். "இல்லண்ணே, ஒடஞ்சதுலேருந்து தொடவே இல்ல" என்றாய். "நல்லவேளை. சில்லு ஏதாவது உள்ள வுழுந்திருந்து மெறிச்சிருந்தா சிலிண்டருல கோடு போட்டிருக்கும்" என்றார். நாலு நட்டைக் கழற்றி எஞ்சின் தலையைத் தனியாக எடுத்தார். மரைக்குள் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். பிறகு சதுரமாகத் தேய்த்த பழைய அரத்தின் வாலை அந்த உடைந்த துண்டின் ஓட்டைக்குள் லேசாகத் தட்டி இறக்கி, இடது பக்கமாகத் திருகினார். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம். அவசரமே இல்லை. நீ அவர் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

துண்டு வெளியே வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கத்து மரை முழுக்க மழுங்கியிருந்தது. "யக்கா, இது பாப்பா ஒடச்சது இல்ல. மாட்டும்போதே கோணலா ஏத்தி, எவனோ பேய் முறுக்கு முறுக்கியிருக்கான். அன்னிக்கே இது பாதி அறுந்துடுச்சி. யாரு தொட்டிருந்தாலும் வந்திருக்கும். எந்தக் கடையில மாத்தினீங்க?" என்றார்.

இரண்டாவது பொய் அங்கே சொன்னேன். "வேப்பூர் போயிருந்தப்ப அங்க ஒரு கடையில" என்றேன். நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். நிறைய நேரம் பார்த்தாய். மெக்கானிக் சொன்னதைக் கேட்டு நிம்மதி வந்திருக்கும், அதனால் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்படி நினைப்பதுதான் சௌகரியமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் "சரியாயிடுச்சி" என்று மட்டும் சொன்னேன். ஆரோக்கியம் சொன்னதைச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவேண்டாம், நானே சொல்கிறேன். அப்பாவின் வாய்க்குப் பயந்தேன். அந்த வண்டியை நான் ஓட்டக் கற்றதே அவருக்கு அரைமனது. என் தப்பு என்று தெரிந்தால் சாவியை வாங்கி வைத்துவிடுவார் என்று பயம். பஸ்ஸுக்காக நின்று, கம்பெனி கேட்டு மூடி, வேலையே போய்விடும் என்று மனசு எங்கெங்கோ ஓடியது. என் வண்டியைக் காப்பாற்றிக்கொள்ள உன் படிப்பைக் கொடுத்தேன். நாலைந்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கும் வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

நீ என்ன செய்தாய்? ஆரோக்கியம் கடைக்கு மறுபடி நீயே போய், கழிவுச் சாமானில் கிடந்த ஒரு எஞ்சின் தலையைக் கேட்டு வாங்கி வந்தாய். நம்மூர்ப் பக்கத்து மங்களூர் விவசாயி ஒருவருடைய மருந்தடிக்கிற மெஷினிலிருந்து கழற்றியது. அதிலும் பிளக் பாதியில் உடைந்து மாட்டிக்கொண்டு, துருப்பிடித்துக் கிடந்தது. அதைப் பின்கட்டுத் துணி துவைக்கிற கல்லில் வைத்தாய். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தாய். மறுநாள் பார்த்தாய், அசையவில்லை. மறுபடி ஊற்றினாய். நான் "வுட்டுத்தொலையேன்" என்றேன். "அவசரப்பட்டா மரை போயிடும்மா" என்றாய். நாலாவது நாள் வெந்நீர் வைத்து அந்த அலுமினியத் தலையைச் சூடாக்கி, துணியால் பிடித்துக்கொண்டு, அரத்தின் வாலை இறக்கி, முன்னே பின்னே என்று ஆட்டி ஆட்டி எடுத்தாய். கண்ணில் தூள் தெறிக்கக்கூடாது என்று என் பழைய மூக்குக்கண்ணாடியை மாட்டியிருந்தாய். அப்பா ஜன்னலோரம் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அரைமணி நேரமாக அவர் பக்கம் புரட்டவில்லை.

அந்தத் துண்டைக் கொண்டுவந்து அவர் பேப்பர் மேலேயே வைத்தாய். எஞ்சின் தலையைப் பக்கத்தில் வைத்தாய். புது பிளக் ஒன்றை எடுத்து, ஸ்பேனரைத் தொடாமல், விரலாலேயே கடைசி வரைக்கும் திருகிக் காட்டினாய். மரைக்கு ஒரு சேதமும் இல்லை. அப்பா அதைத் தன் கையால் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார், "இவ்ளோ தெரிஞ்சவ, அன்னிக்கு எப்டி ஒடச்ச?"

நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். நீ அப்பாவைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். ஆரோக்கியம் சொன்னதையாவது சொல்லுவாய் என்றுதான் எதிர்பார்த்தேன். "அது முன்னாடியே ரொம்ப டைட்டா இருந்துதுப்பா. நான் இழுத்திருக்கக் கூடாது. வராதுன்னு தெரிஞ்சதும் நிறுத்தியிருக்கணும்" என்றாய். அவ்வளவுதான். யார் டைட் செய்தது என்று சொல்லவில்லை. யார் இழுக்கச் சொன்னது என்றும் சொல்லவில்லை.

அப்பா எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கடைசி நாளுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. "பேனா எழுதல, வேற குடு" என்று என்னிடம் கத்தினார். அன்றைக்கு அந்தக் கத்தல்கூட எனக்கு இனிப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ உழைத்து நடந்தது. மூன்று வருஷம் படித்தாய், வகுப்பில் உன்னோடு இன்னும் இரண்டே பெண்கள். ஓசூரில் வேலை கிடைத்தது. உன் முதல் லீவில் வந்தபோது வண்டியைக் குளிப்பாட்டித் துடைத்துக் கொடுத்தாய். இப்போது கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்று நடக்கும்போதும் எனக்கு மனசு குளிரும். கூடவே ஒரு ஓரத்தில், நான் கெடுக்கப் பார்த்தது, தானாகப் பிழைத்தது என்று ஒரு உறுத்தல் இருக்கும். தானாகப் பிழைக்கவில்லை என்று வேன் புறப்பட்ட அன்றைக்குத்தான் தெரிந்தது. உனக்குப் பதினாறு வயசு. உண்மை உன் கையில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விண்ணப்பம் அன்றைக்கே கையெழுத்தாகியிருக்கும். அதைச் சொல்லாமல், நாலு நாள் வெயிலில் குந்தி, துருப்பிடித்த ஒன்றை எடுத்துக் காட்டி வாங்கினாய். நான் உன்னைப் பெற்றவள்தான். ஆனால் அந்தப் பொறுமையை நான் உனக்குக் கொடுக்கவில்லை. என்னிடம் இருந்தால்தானே கொடுப்பதற்கு.

கடிதம் என்றால் அம்மா புத்தி சொல்லணுமாம். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நாளைக்கு உன் வீட்டிலும் ஏதாவது உடையும். யார் கையில் உடைகிறதோ அவர்தான் உடைத்தவர் என்று உடனே முடிவு கட்டிவிடாதே. அதற்கு முன்னால் யார் முறுக்கியது என்று கேள். நீ முறுக்கியிருந்தால் அங்கேயே, அந்த நிமிஷமே சொல்லிவிடு. என்னைப் போல வருஷக்கணக்கில் வைத்திருக்காதே. பிறகு சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று இந்தக் கடிதத்தின் நீளத்தைப் பார்த்தாலே தெரியும்.

போன புதன்கிழமை ஒன்று நடந்தது, அதையும் சொல்லவேண்டும். எங்கள் கம்பெனி ஸ்டாண்டில் ஒரு பைக் சாய்ந்து, என்னோடு வேலை செய்கிற கலாவோட மொபெட் மேல் விழுந்துவிட்டது. அவள் வண்டி பிளக்கில் பீங்கான் மொட்டையாக உடைந்து, சில்லுசில்லாக அங்கேயே கிடக்கிறது. செக்யூரிட்டி அண்ணன் "தொப்பிய அழுத்தி மாட்டிட்டு ஒரு மெறி மெறிம்மா, வூடு போயி சேந்துடும்" என்கிறார். கலா காலைத் தூக்கிவிட்டாள். "மெறிக்காதடி!" என்று நான் போட்ட சத்தத்தில் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. சைக்கிள் பம்ப் ஒன்று கேட்டு வாங்கி, முகத்தை ஒதுக்கிக்கொண்டு, சில்லெல்லாம் போகிற வரைக்கும் ஊதினேன். எஞ்சின் ஜில்லென்றுதான் இருந்தது. ஸ்பேனரை நேராக இறக்கிக் கழற்றினேன். உள்பக்கத்துப் பீங்கான் முழுசாக இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். முழுசாக இருந்தது, உள்ளே ஒன்றும் விழவில்லை. கலா ஓடிப்போய் வாங்கிவந்த புது பிளக்கை அவசரத்தில் கீழே போட்டுவிட்டாள். எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். நான் வாங்கவில்லை. விழுந்த பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும் என்று பீங்கானிலேயே வேலை செய்கிற அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. இன்னொன்று வாங்கிவரச் சொல்லி, விரலாலேயே அடிவரைக்கும் திருகி, ஸ்பேனரில் அரை சுற்று. ஒரே மிதியில் கிளம்பிவிட்டது. "யாருக்கா சொல்லிக்குடுத்தா?" என்று கலா கேட்டாள். "எம் பொண்ணு" என்றேன்.

அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும்போதுதான் முடிவு செய்தேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று. நேற்று சாயந்திரம் அவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பைப்பு, நான் சொன்ன பொய், வேப்பூர்க் கடை, எதையும் விடவில்லை. டம்ளர் கையிலேயே இருந்தது, டீ ஆறிவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"புள்ளைக்கு மொதல்லேருந்தே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"கேட்டுப் பக்கத்துல நின்னு பாத்திருக்கா" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அன்னிக்கு அவ சொல்லியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனா ஒன்ன சும்மா வுட்டிருக்க மாட்டேன். வருஷம் பூரா குத்திக் காட்டியிருப்பேன். வண்டியையும் வித்திருப்பேன். அது தெரிஞ்சிதான் புள்ள வாயத் தொறக்கல" என்றார். "நீ மட்டுமா பொய் சொன்ன. நான் ஒரு வார்த்த விசாரிக்காம அலமாரியப் பூட்டினவன்தானே" என்றார். இருபது வருஷத்துக்கு மேலாக அவரோடு வாழ்கிறேன் ரேவதி. அவர் தன் தப்பென்று ஒன்றைச் சொல்லி நான் கேட்டது நேற்றுதான்.

உனக்கு நன்றி சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளைக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று இருக்கும் உனக்கு. நான் சொல்கிறேன். என்னை வேலைக்குப் போகவிட்டதற்கு. அப்பாவையும் என்னையும் சண்டையில்லாமல் ஒரு வீட்டில் இருக்கவிட்டதற்கு. இத்தனை வருஷமும் என் தட்டில் சோறு போடும்போது, என் தலையில் எண்ணெய் வைக்கும்போது, ஒரு நாள்கூட அதை உன் முகத்தில் காட்டாமல் இருந்ததற்கு.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா உள்ளே வந்து, கோயம்புத்தூருக்கு எந்தப் பஸ்ஸில் போனால் காலையில் போய்ச் சேரலாம் என்று கேட்டுவிட்டுப் போகிறார். அடுத்த மாதம் அவருக்கு இரண்டு நாள் லீவு இருக்கிறதாம். போனில் பேசச் சொன்னேன். "போன்ல சொல்ற விஷயமா இது?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். ஆகையால் வருகிறோம். கதவைத் திறந்ததும் அப்பா முதலில் வெயிலைப் பற்றிப் பேசுவார், பஸ்ஸில் கூட்டம் என்பார், மாப்பிள்ளை வண்டி எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று கேட்பார். நீ பாட்டுக்குக் காபி போடுகிறேன் என்று எழுந்து போய்விடாதே. உட்கார்ந்து இரு. அவர் சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்து இரு.

அம்மா